கணக்கில் வராத உப்பு

என் கணவர் தான் சமைத்ததை ஒரு நாளும் ருசி பார்த்தவரில்லை. மலைக்கோயில் மடப்பள்ளியில் முப்பத்து நான்கு வருஷம் சமைத்தார். சாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் வாயில் வைக்கக் கூடாது, முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. அதனால் உப்பு அவர் கையில்தான் இருந்தது. மூன்று விரலைக் குவித்து அள்ளுவார், பாத்திரத்துக்கு மேலே கையை ஒரு சுற்றுச் சுற்றுவார், அவ்வளவுதான். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அவருடைய அப்பாவும் அங்கேதான் சமைத்தார், தாத்தாவும் அங்கேதான்.

நானோ உள்ளங்கையில் மூன்று தரம் விட்டு நக்கிப் பார்க்காமல் ஒரு ரசத்தை இறக்க மாட்டேன். "எச்சல் பண்றதே உனக்கு வேலையாப் போச்சு" என்பார். "நம்மாத்துல சாப்பிடறது சாமி இல்லையே, நீங்கதானே" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமாகி வந்த முதல் மாசத்திலேயே எங்கள் தெருவுக்கு அது தெரிந்துவிட்டது. அந்த வாய் செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், மலையிலிருந்து இறங்கி வந்தவர் ஆட்டோ ஸ்டாண்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூக்கிலிருந்து ரத்தம். ஆட்டோக்காரரே டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டு எனக்குப் போன் செய்தார். நான் போவதற்குள் மூன்று தடவை கையில் பட்டை சுற்றிப் பார்த்துவிட்டார்கள். நூற்று எண்பதுக்கு மேலே. "இந்தப் பிரஷரோட எப்படிங்க படி ஏறி இறங்கினீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். இவர் சிரித்தார். ஏதோ பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிவிட்ட மாதிரி சிரிப்பு.

டாக்டரம்மா சின்னப் பெண்தான், பொறுமையாகச் சொன்னார். மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. உப்பைக் குறைக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு, எல்லாவற்றிலும் சேர்த்து, ஒரு டீஸ்பூனுக்கு மேலே போகக் கூடாது. பிறகு அச்சடித்த தாளைப் பார்த்துப் படித்தார்.

"ஊறுகாய் கூடாது. அப்பளம், வடாம், சிப்ஸ், கருவாடு..."

"கருவாடா! சிவ சிவா!"

"சரிம்மா, கருவாட்டை விட்டுடுங்க. வெளியில சாப்பிடற பழக்கம் உண்டா?"

"வெளியில பச்சைத் தண்ணி குடிக்க மாட்டார், டாக்டர்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னோம். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் போலீஸ் ராஜ்யம். ஊறுகாய் ஜாடிகளை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். வடாம் டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். தினமும் காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு டீஸ்பூன் உப்பைத் தலைதட்டி எடுத்து வைப்பேன், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ராத்திரி வரைக்கும் அதற்குள்தான் சமையல். நாள்பட நாள்பட அதிலும் பாதி மிஞ்சும்படி பண்ணினேன். இட்லி மாவில் உப்புக் கிடையாது, மோரில் கிடையாது. முதல் பத்து நாள் சமையல் கழுநீர் மாதிரிதான் இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகு தட்டிப் போட்டு, சீரகத்தை வறுத்துப் பொடி பண்ணி, கொத்தமல்லியை அள்ளிக் கொட்டி ஒருவாறு வழிக்குக் கொண்டுவந்தேன். நானும் அதையேதான் சாப்பிட்டேன். எனக்கென்று தனியாக ஒரு துண்டு நார்த்தங்காய்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரே ஒரு நாள் தட்டைப் பார்த்து, "ஏண்டி, ரசம்னு சொன்னியே, எங்கே?" என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

பெங்களூரில் இருக்கும் பிள்ளை பிரஷர் பார்க்கிற மிஷின் ஒன்றை வாங்கி அனுப்பினான். தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் பட்டையைச் சுற்றி, பித்தானை அழுத்தி, வருகிற எண்ணைக் காலண்டரில் எழுதுவேன். மாத்திரை போட ஆரம்பித்ததும் கொஞ்சம் இறங்கியது. நூற்று அறுபதில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். மாசம் ஆனாலும் அதே நூற்று அறுபது, சில நாள் நூற்று எழுபது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். அப்போதும் பெரிதாக அசையவில்லை. "உப்பைக் குறைச்சீங்களா?" என்று கேட்டார். "என் கையால போடறது ஒரு சிட்டிகைதான்" என்றேன். அவர் இவரைப் பார்த்தார். "ஐயா, மறைக்காம சொல்லுங்க, வெளியில ஏதாவது..." இவர் இல்லை என்று தலையை ஆட்டினார். எனக்கு மானம் போயிற்று. நான் இவ்வளவு பாடுபட்டும் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஒரு செவ்வாய்க்கிழமை மலையேறிப் போய், உப்பு கரைகிற மாதிரி இவர் வியாதி கரையட்டும் என்று உப்பும் மிளகும் வாங்கிக் கொட்டி வேண்டிக்கொண்டு வந்தேன். உப்பால் வந்த வியாதிக்கு உப்பையே காணிக்கையாகக் கொட்டினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்த நாட்களில் எல்லாம் அவர் மத்தியானம் இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வருவார். கையில் பித்தளைத் தூக்கு. சமைக்கிறவருக்கு உரிய பங்கு அது, அவர் தாத்தா காலத்திலிருந்து வருகிறது. ஒரு நாள் புளியோதரை, ஒரு நாள் வெண்பொங்கல், விசேஷ நாளில் வடை. நான் கை கழுவிவிட்டு வந்து தூக்கை வாங்குவேன். திறந்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். "அப்பனே, இவரைச் சொஸ்தமாக்கு" என்று சொல்லி, வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி எடுத்து, என் கையால் அவருக்குக் கொடுப்பேன். சாப்பிடுவார். அப்புறம்தான் நான் அளந்து போட்ட உப்போடு செய்த சாப்பாடு.

இதற்கு நடுவே எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. கீழே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு போண்டாக் கடை. இவர் வருகிற வழிதான். ஒரு நாள் காலையில் நேராக அங்கே போய் நின்றேன். பத்துப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்காத்து மாமா இங்கே தினமும் வரார் இல்லையா? நிஜத்தைச் சொல்லு."

கடைக்காரர் கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். "இன்னா மாமி, காலங்காத்தால வந்து இப்பிடிக் கேட்டுகினு இருக்கீங்க? ஐயரு இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாருங்க."

"மறைக்காதே. அவருக்கு உடம்பு சரியில்லை."

"நான் இன்னாத்துக்கு மறைக்கிறேன்? வேணும்னா டீ குடிக்கிறவங்களைக் கேட்டுக்கோங்க. ஐயரு கை நனைச்சு நான் பாத்ததே இல்ல."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாமி மாமாவை வேவு பார்க்கிறாள் என்ற பேச்சு அன்று மத்தியானத்துக்குள் மலை மேலே போய்விட்டது. அவர் வீட்டுக்கு வந்தபோது முகம் சுண்டிப் போயிருந்தது. தூக்கை வைத்தார். "கடைத்தெருவுல என் பேரைக் கெடுத்துட்டியேடி" என்றார்.

நான் தப்பை ஒத்துக்கொண்டிருக்கலாம். நமக்குத்தான் அது வராதே. "நான் நாயா உழைச்சு, சப்புனு ஒரு சாதத்தை முழுங்கிண்டு கிடக்கேன். நீங்க எங்கேயோ போய்த் தின்னுட்டு வந்து நிக்கறேள். சோத்துல உப்புப் போட்டுத்தானே சாப்பிடறேள்?" என்றேன்.

"நீ எங்கடி போடறே?" என்றார்.

இன்னொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அன்றைக்கு என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் எழுந்து போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்று, விளக்கின் மேல் கையை நீட்டினார். "அந்தச் சுப்ரமணியன் மேல ஆணை. வெளியில நான் ஒரு வாய் சாப்பிடலை."

"அவனுக்கே சமைச்சுட்டு, அவன் மேலயே பொய்ச் சத்தியம் பண்றேளே, உருப்படுவேளா?"

உருப்படுவேளா என்று கேட்டேன். என் வாயால், விளக்கு வைத்திருக்கிற இடத்தில் நின்றுகொண்டு. அவர் கையை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டில் சாப்பிடுவது குறைந்தது. "பசி இல்லை, வயிறு நெறஞ்சிருக்கு" என்பார். எதனால் நிறைந்தது என்று நான் கேட்கவில்லை. வீம்பு.

எட்டு மாசம் போயிற்று. ஒரு கிருத்திகை நாள், காலை பத்து மணி இருக்கும். மடப்பள்ளியில் அவரோடு வேலை செய்கிறவர் போன் பண்ணினார். "மாமி, மாமா உக்காந்துட்டார். எழுந்துக்க முடியலை. பேச்சு குழறறது." உப்பு வைத்திருக்கிற மரத்தட்டில் கை வைத்தாராம், கை அங்கேயே நின்றுவிட்டதாம். எடுக்க வரவில்லை. கிருத்திகைக் கூட்டத்தில் ஆட்டோ மலையிலிருந்து இறங்கவே முக்கால் மணி ஆயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது.

மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் வந்தாள். ஆர்.கே.பேட்டைக்காரி, தறி நெய்கிற வீட்டுப் பெண். கையில் ஒரு தாள். அவர் என்னவெல்லாம் சாப்பிடுவார் என்று எழுதிக்கொள்ள வேண்டுமாம். அவர் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல இன்னா சாப்பிடுவாரு மாமி?"

"ரெண்டு இட்லி. மாவுல உப்பே கிடையாது."

"மதியம்?"

"கொஞ்சம் சாதம், ரசம், மோர். எல்லாம் அளந்து போட்டதுதான்."

"நடுவுல எதுனா?"

"நடுவுல ஒண்ணும் இல்லைம்மா. மலையில பிரசாதம் மட்டும்."

"பிரசாதம்னா இன்னா, தீர்த்தம், விபூதியா?"

"இல்லை, வெண்பொங்கல். புளியோதரை. காலம்பற பூஜை ஆனதும் ஒரு உருண்டை, உச்சிக்காலம் ஆனதும் ஒண்ணு. அப்புறம் ஆத்துக்குக் கொண்டு வரது."

"தெனமுமா?"

"தினமும்தான்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "அதுலயும் உப்பு போட்டுத்தான மாமி செய்வாங்க?"

அந்த உப்பை யார் போட்டார் என்று எனக்குத் தெரியாதா? முப்பத்து நான்கு வருஷமாகத் தெரியும். பக்தர்கள் ஒரு பிடி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போகிறார்கள், அவர்களுக்கு அது சரியான உப்புதான். தினமும் மூன்று வேளை அதையே சாப்பிடுகிற ஒரு பிரஷர்காரருக்கு? எங்களுக்கு அது தோன்றவே இல்லை. பிரசாதத்தை நாங்கள் சாப்பாடு என்று நினைத்ததே கிடையாது. விரத நாளில்கூட அது கணக்கில் வராது. டாக்டர் வெளிச்சாப்பாடு உண்டா என்று கேட்டபோது அவர் இல்லை என்றார். விளக்கின் மேல் கை வைத்தும் இல்லை என்றார். பொய்யே சொல்லவில்லை. என் சமையல் சப்பென்று ஆக ஆக, வீட்டில் என் வாய் நீள நீள, மலையில் ஒரு உருண்டை இரண்டாகியிருக்கும். மிச்சத்துக்கு நான் இருந்தேனே, கண்ணில் ஒற்றி, என் கையாலேயே கொடுக்க.

நர்ஸ் போனதும் அவர் காதருகே குனிந்தேன். "நீங்க பொய் சொல்லலை. நான்தான் புத்தி கெட்டுப் பேசிட்டேன். உருப்படுவேளான்னு கேட்டுட்டேனே" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. பேசத்தான் முடியாது. வலது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. நான் துடைத்தேன். அந்தப் பக்கம் விழுந்தால் கண்ணில் தானாகவே தண்ணீர் வரும் மாமி என்று அப்புறம் அந்த நர்ஸ் சொன்னாள். அது அழுகையா, வெறும் தண்ணீரா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடமும் கேட்டேன். "உப்பு மட்டுமே காரணம்னு சொல்ல முடியாதும்மா. வயசு, ரொம்ப நாள் கவனிக்காம விட்ட பிரஷர், எல்லாம் சேர்ந்துதான்" என்றார். நல்ல மனுஷர். எனக்காகச் சொன்னாரா, உண்மையே அதுதானா? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு நான்தான் ஊட்டினேன். மடப்பள்ளியிலிருந்து பாசத்தோடு அவர் பங்கைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக் கண்ணில் ஒற்றி, ஒரே ஒரு பருக்கையை எடுத்து அவர் நாக்கில் வைப்பேன். மீதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவேன். தூக்கு வாசலைத் தாண்டுகிற வரைக்கும் அவர் கண் அதன் பின்னாலேயே போகும்.

மாத்திரையும் அதேதான், மிஷினும் அதேதான். ஒன்றரை மாசத்தில் பிரஷர் நூற்று முப்பதுக்கு வந்துவிட்டது. முதல் தடவை அந்த எண்ணைப் பார்த்தபோது மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து எதிர்வீட்டு மாமி கையில் போட்டுப் பார்த்தேன். மிஷின் சரியாகத்தான் இருந்தது. காலண்டரில் எழுதினேன். எத்தனையோ நாள் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டிய எண் அது. அடுக்களைக்குப் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சில வார்த்தைகள் வந்தன. தண்ணி. போறும். என்னை 'ஏண்டி' என்று கூப்பிட முயற்சி பண்ணுவார், பாதிதான் வரும். ஒரு நாள் மத்தியானம் ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயில் வைத்துக்கொண்டு வெகு நேரம் மென்றார். அப்புறம் தெளிவாக, "உப்பு" என்றார்.

"கூடாது."

"உப்பு."

"இப்பத்தான் இறங்கியிருக்கு. டாக்டர் கூடாதுன்னிருக்கார். தங்கமில்லையோ, சாப்பிடுங்கோ."

வாயைத் திறந்தார், சாப்பிட்டார். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. நான் கொடுக்காதது சரி. இன்றைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனால் ஒரு ஊருக்கே உப்புப் போட்ட மனுஷர், ஒரு கல் உப்புக்கு என் முகத்தைப் பார்த்துக் கெஞ்சினார். அதை நான் என்ன செய்து மறப்பேன்?

அது முடிந்து மூன்றாவது வாரம், காலையில் பட்டையைச் சுற்றக் கையைத் தூக்கினேன். கை சில்லென்று இருந்தது.

பிள்ளை வந்து காரியங்களைச் செய்தான். என் நாத்தனார், அவருடைய தங்கை, வந்து அடுக்களையைப் பார்த்துக்கொண்டாள். பத்தாம் நாள் அவருக்கென்று படைக்கிற அன்னத்தைப் பற்றி, காரியம் பண்ணிவைக்கிற வாத்தியார் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "உப்பு மட்டும் சேர்த்துடாதேங்கோ. சேர்க்கக் கூடாது."

நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அழுது அழுது ஓய்ந்து போயிருந்தவளுக்கு அதைக் கேட்டதும் எங்கிருந்தோ கோபம் வந்தது. இருந்தபோதும் உப்பில்லை, போன பிறகும் உப்பில்லையா? அவரை வழியனுப்பும்போதும் நான்தான் இல்லை என்று சொல்ல வேண்டுமா?

எழுந்து அடுக்களைக்குப் போனேன். நாத்தனார் சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். உப்பு டப்பாவை எடுத்தேன். கரண்டியைத் தேடவில்லை. மூன்று விரலைக் குவித்து அள்ளி, பாத்திரத்துக்கு மேலே கையை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"மன்னி! என்ன பண்றேள்?"

"இனிமே உங்கண்ணாவுக்கு ஏதுடி பிரஷர்?"

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அடியோடு கிளறிவிட்டாள்.

உப்பு சரியாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் ருசி பார்க்கவில்லை. அவருக்குக் காட்டப்போகிற அன்னம் அது.